ஆறு பலகையும் ஒரே கணக்கில்

2023 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது நம் செய்தித்தாள்களில் துப்பாக்கி சுடுதலும் ஈட்டி எறிதலும் கபடியும் நிறைந்திருந்தன. சரிதான், பதக்கம் அங்கிருந்துதானே வந்தது. நான் தேடித் தேடிப் பார்த்தது அட்டவணையின் ஓரத்தில் இருந்த ஒரு வரியை: சீனச் சதுரங்கம், கலப்பு அணி.

சியாங்சி என்று அவர்கள் சொல்லும் அந்த ஆட்டத்தில் நமக்குப் பதக்கம் கிடையாது. சீனா தங்கம் வாங்கியது, வியட்நாம் வெள்ளி வாங்கியது. இருந்தும் அந்த வரி என்னை விடவில்லை. ஒரு நாட்டின் ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக உட்கார்ந்து, அவரவர் பலகையில் எடுத்த புள்ளியை ஒரே கணக்கில் போடுகிறார்கள். ஒரு பெண் எடுக்கும் புள்ளியும் அணியின் புள்ளிதான். தென்காசியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் தெருப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறவளாக, எனக்கு இது சாதாரணச் செய்தியாகப் படவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால் விட மாட்டீர்கள்.

நம் செஸ்ஸில் காய் கட்டத்துக்குள் நிற்கும். சியாங்சியில் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் நிற்கும், நம் ஆடு புலி ஆட்டத்தைப் போல. நெடுக்கே ஒன்பது கோடு, குறுக்கே பத்துக் கோடு, ஆக 90 புள்ளிகள். ஆளுக்கு 16 காய். பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின்மேல் எழுதியிருக்கும் எழுத்துகள் சூ, ஹான் என்ற இரண்டு படைகளின் எல்லையைச் சொல்கின்றன. 2200 ஆண்டுகளுக்கு முன்னால் சீன நாட்டை யார் ஆள்வது என்று நடந்த சண்டை அது. அந்தச் சண்டையின் பெயரால்தான் இன்றைக்கும் பூங்காக்களில் தாத்தாமார்கள் காய் நகர்த்துகிறார்கள்.

தளபதி ஒன்பது புள்ளி கொண்ட அரண்மனையை விட்டு வெளியே வர மாட்டார். அவருடைய இரண்டு காவலர்களும் அப்படித்தான். யானை மூலைவாக்கில் இரண்டு புள்ளி போகும், ஆனால் ஆற்றைத் தாண்டாது. காலமெல்லாம் தற்காப்புதான் அதன் வேலை. குதிரை நம் குதிரை மாதிரியே போகும் என்றாலும் தாவாது. பக்கத்தில் ஒரு காய் காலை மறித்து நின்றால் அந்தப் பக்கம் போக முடியாது. சிப்பாய் ஆற்றைக் கடக்கும்வரை நேராக மட்டும் போவார், கடந்தபின் பக்கவாட்டிலும் போகலாம், பின்வாங்க மட்டும் முடியாது. இரண்டு தளபதிகளும் நடுவில் காயே இல்லாமல் ஒரே கோட்டில் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. நகர்த்த வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் நம் செஸ்ஸில் டிரா, அங்கே தோல்வி.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது பீரங்கி. அங்கே தேர் என்றும் நம் செஸ்ஸில் யானை என்றும் சொல்லும் காயைப் போலவே நேர்க்கோட்டில் ஓடும். வெட்ட வேண்டுமென்றால் மட்டும், நடுவில் ஒரு காய் இருந்து அதைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும். தாண்டப்படும் காய் நம்முடையதாகவும் இருக்கலாம், எதிரியுடையதாகவும் இருக்கலாம். தன்னந்தனியாக நிற்கும் பீரங்கி ஒன்றையும் வெட்டாது. இன்னொரு காய் இடையில் வந்து நின்றால்தான் அதற்குப் பலம். சார்ட் அட்டையில் பலகை வரைந்து, அட்டை வட்டங்களில் தமிழ் எழுத்துப் போட்டு விளையாட விட்டேன். வழக்கமாக ராணியைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கும் பிள்ளைகள், அந்தப் பலகையில் ராணியே இல்லை என்றதும் கொஞ்சம் திகைத்தார்கள். அப்புறம் சிப்பாயைக்கூட மதிப்போடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

சீனாவுக்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் பலம் பெரிது. 1990-இல் சிங்கப்பூரில் உலகப் போட்டி தொடங்கியதிலிருந்து ஆண்கள் பட்டம் அவர்கள் கையைவிட்டுப் போகவே இல்லை. அதை உடைத்தவர் வியட்நாமின் லாய் லீ ஹுயின், 2025-இல், ஷாங்காயிலேயே. வியட்நாமில் ஊர்த் திருவிழாக்களில் மனிதர்களே காய்களாக உடுத்தி நின்று இந்த ஆட்டத்தை ஆடுவார்கள். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஊறிய ஆட்டம் அது. அப்படி ஊறிய நாட்டிலிருந்துதான் ஹாங்சோவில் ஆணும் பெண்ணுமாக ஓர் அணி எழுந்து வந்து வெள்ளி எடுக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் செஸ்ஸுக்கு வருகிறேன். அதே ஹாங்சோவில், ஆண்கள் அணிப் போட்டியில் இந்தியாவுக்கு வெள்ளி. பெண்கள் அணிப் போட்டியிலும் வெள்ளி. ஆண்கள் தங்கம் ஈரானுக்குப் போனது, பெண்கள் தங்கம் சீனாவுக்கு. நம் ஆண்கள் அணியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள், பெண்கள் அணியில் வைஷாலியும் சவிதா ஸ்ரீயும் இருந்தார்கள், நால்வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். இரண்டு பிரிவிலும் இரண்டாம் இடம் வந்த நாடு நாம் ஒன்றுதான். செஸ்ஸுக்கும் கலப்பு அணிப் போட்டி வைத்திருந்தால் தங்கம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். என் மனதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்படிக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் செஸ் ஒலிம்பியாடில் ஏற்கெனவே உண்டு. ஓபன் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டின் முடிவையும் சேர்த்து எந்த நாடு சிறந்தது என்று பார்த்து ஒரு கோப்பை கொடுப்பார்கள். 1978-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணான ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலியின் பெயரில் உள்ள கோப்பை. 2022-இல் மாமல்லபுரத்தில் அதை வாங்கியது இந்தியா. பெண்கள் அணிக்கு ஒலிம்பியாடில் முதல் பதக்கமாக வெண்கலம் கிடைத்ததும், இளம் பிள்ளைகள் நிறைந்த நம் இரண்டாவது அணி ஓபனில் வெண்கலம் எடுத்ததும் அங்கேதான். அந்தப் பெண்கள் அணியின் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து உட்கார்ந்து ஆடியதை எங்கள் தெருப் பெண்கள் இன்னும் பேசுகிறார்கள். 2024-இல் புடாபெஸ்டில் இரண்டு பிரிவிலும் தங்கம். அந்தக் கோப்பையும் மறுபடி நமக்கே. ஆனால் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? என்னைக் கேட்டால், அந்தக் கோப்பையைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அதையும்விட எனக்கு நெருக்கமானது 2020-இல் நடந்த ஆன்லைன் ஒலிம்பியாட். கொரோனாவால் ரஷ்யாவில் நடக்க இருந்த ஒலிம்பியாட் தள்ளிப்போய், உலகச் செஸ் அமைப்பு இணையத்தில் ஒன்றை நடத்தியது. ஒரு அணிக்கு ஆறு பலகை. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இருபது வயதுக்குட்பட்ட ஒரு பையன், இருபது வயதுக்குட்பட்ட ஒரு பெண். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து வினாடி கூடும். 160-க்கும் மேற்பட்ட அணிகள்.

நம் அணிக்கு விதித் குஜராத்தி கேப்டன். ஆனந்த், ஹரிகிருஷ்ணா, அரவிந்த் சிதம்பரம், ஹம்பி, ஹரிகா, வைஷாலி, பக்தி குல்கர்ணி, நிஹால் சரின், பிரக்ஞானந்தா, திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால். ஐம்பது வயது ஆனந்தும் பதினாலு வயது திவ்யாவும் ஒரே பட்டியலில்! அக்கா வைஷாலியும் தம்பி பிரக்ஞானந்தாவும் ஒரே பட்டியலில்! ஐந்து முறை உலக சாம்பியனாக இருந்தவர் எடுக்கும் ஒரு புள்ளிக்கும் நாக்பூர்ச் சிறுமி எடுக்கும் ஒரு புள்ளிக்கும் மதிப்பில் வித்தியாசம் இல்லை.

அந்த ஆண்டு குற்றாலத்தில் சீசன் வந்தும் அருவியில் குளிக்கத் தடை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கடைகள் சாத்திக் கிடந்தன, சாரல் தென்காசித் தெரு வரைக்கும் வந்து போனது. வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகள் போனில் இந்த ஆட்டங்களைத்தான் பார்த்தார்கள். லீக் சுற்றில் சீனாவை நாம் 4-2 என்று வென்றோம். வெற்றி வந்த இரண்டு பலகையும் ஜூனியர் பலகை: பிரக்ஞானந்தா ஒன்று, திவ்யா ஒன்று. மற்ற நான்கும் டிரா. சீனாவின் பெரிய ஆட்களை நம் பெரியவர்கள் கட்டி நிறுத்த, பிள்ளைகள் போட்டியை முடித்து வைத்தார்கள்.

அரையிறுதியில் போலந்து. முதல் சுற்றில் 2-4 என்று தோற்றோம். இரண்டாம் சுற்றில் 4.5-1.5 என்று திருப்பிக் கொடுத்தோம். ஆளுக்கொரு சுற்று, சமம். இனி ஒரே ஒரு ஆட்டம், அது எந்தப் பலகையில் என்று குலுக்கல். பெண்கள் பலகை விழுந்தது. ஹம்பி உட்கார்ந்தார், எதிரே மோனிகா சோச்கோ. இரண்டு நாட்டின் மொத்த ஆட்டமும் இரண்டு பெண்களின் கையில். ஆனந்த் உட்பட எல்லாரும் காத்திருக்க, ஹம்பி வென்று நம்மை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். எங்கள் தார்சாவில் அன்றைக்குப் போனைச் சுற்றி நின்ற பையன்கள் ஒருத்தனும் ‘இது லேடீஸ் மேட்ச்’ என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைப் பல வருடமாகக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் நான்.

இறுதிப் போட்டி ரஷ்யாவோடு, ஆகஸ்ட் 30. முதல் சுற்றில் ஆறு பலகையும் டிரா. இரண்டாம் சுற்றில் உலக அளவில் இணைய சர்வர் கோளாறு வந்து நிஹாலுக்கும் திவ்யாவுக்கும் தொடர்பு அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றதாக ஆனது. இந்தியா முறையிட்டது. உலகச் செஸ் அமைப்பின் தலைவர் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். இப்படித் தங்கம் வந்ததில் பலருக்கு நிறைவில்லை, அது புரிகிறது. எனக்கு அந்தத் தங்கத்தின்மேல் குறை ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டும் இதே அமைப்பில் ஆடி அரையிறுதி வரை போய் வெண்கலம் எடுத்தோம்.

இதையெல்லாம் தென்காசியில் உட்கார்ந்து நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்காக.

மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் செஸ் பரவியது. எங்கள் மாவட்டத்திலும் அதே வேகம். வேட்டி கட்டிய குதிரைப் பொம்மை ‘தம்பி’யைச் சுவரெங்கும் பார்த்துவிட்டு, பலகை கேட்டு அழுத பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். ஆறாவது, ஏழாவதில் அவர்கள் பையன்களுக்குத் தண்ணி காட்டினார்கள். எட்டாவதில் கொஞ்சம் குறைந்தார்கள். பத்தாவது வந்ததும் காணாமலே போனார்கள். பையன்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டுக்குப் பஸ் ஏறி மதுரை, திருநெல்வேலி என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வீடு தேடிப் போய்க் கேட்டிருக்கிறேன். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும், பக்கத்தில் மகள் இலை வெட்டிக் கொடுப்பாள். “பத்தாவது வந்துட்டாள்லா டீச்சர். இனி என்னத்த செஸ்ஸு? பொம்பளப் பிள்ளைய தனியா எங்கன அனுப்ப?” என்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வராது. மகள் தனியாகத்தான் போக வேண்டும், தனியாகத்தான் ஆட வேண்டும், வென்றாலும் தோற்றாலும் அவளுக்கு மட்டும்தான். அவள் வராவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்படியிருக்க எதற்காக அனுப்புவார்கள்?

அறிவுரை சொல்லிப் பார்த்தாயிற்று. வைஷாலி கதை சொல்லிப் பார்த்தாயிற்று. சென்னையின் விஜயலட்சுமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்: 2001-இல் பெண்களுக்கென்று உள்ள ‘உமன் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்தை இந்தியாவில் முதலில் வாங்கியவர், 2000, 2002 இரண்டு ஒலிம்பியாடிலும் தன் பலகையில் வெள்ளி எடுத்தவர், தங்கைகள் இருவரோடு சேர்ந்து வளர்ந்தவர். கேட்பார்கள், கண் விரியும், அடுத்த வாரம் வர மாட்டார்கள். பேச்சால் முடியாததைப் போட்டியின் அமைப்பு செய்துவிடும் என்று எனக்குக் காட்டியது அந்த ஆறு பலகைதான்.

யோசித்தால் நம் வீடுகளில் இது புதிதே கிடையாது. எங்கள் ஆச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயக்கட்டம் போடுவார்கள். தரையில் சாக்பீஸால் கட்டம், புளியங்கொட்டைக் காய். ஆச்சியும் பெரிய மாமாவும் ஒரு பக்கம், தாத்தாவும் நானும் ஒரு பக்கம். “ஏட்டி, காய மலையேத்தாம என்ன பராக்கு பாக்க?” என்று தாத்தா அதட்டுவார். நான் ஏமாந்தால் அவர் தோற்பார், அந்த அக்கறைதான் அது. எந்தக் காயை எப்போது வெட்ட வேண்டும் என்று எனக்கு வந்த முதல் கணக்கு அங்கே வந்தது. பல்லாங்குழியில் ஆச்சியை ஜெயித்த ஆண் எங்கள் குடும்பத்தில் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் சதுரங்கப் பலகைக்கு மட்டும் எப்படி ஓரமாகப் போனார்கள்?

ஆக, போன சீசனில் துணிந்து ஒரு போட்டி வைத்தோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும். இலஞ்சிப் பக்கம் ஒரு மண்டபக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகை வாங்காமல் கொடுத்தார். செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று ஊர் வாரியாக அணி. அணிக்கு ஆறு பலகை: இரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள், பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒரு பையன், ஒரு பெண். இடம் காலியாக வந்தால் அந்தப் பலகையின் புள்ளி எதிரணிக்கு.

அறிவித்த வாரத்திலேயே போன் வர ஆரம்பித்தது. “டீச்சர், ரெண்டாவது பொம்பளப் பிள்ளைக்கு ஆள் இல்ல, பையனை இறக்கிக்கிடலாமா?” எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: முடியாது. ஓர் ஊர்க் கேப்டன், பன்னிரண்டாவது படிக்கிற பையன், ரேட்டிங் உள்ளவன். முந்தின ஆண்டு விட்டுப்போன ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். “அத்தை, அவ வரலைன்னா நாங்க ஒரு புள்ளி பின்னால நின்னுதான் ஆரம்பிக்கணும்” என்று அவளுடைய அம்மாவிடம் கணக்குச் சொல்லியிருக்கிறான். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாவே மகளோடு மண்டபத்துக்கு வந்தார்.

கடைசிச் சுற்றில் அந்த ஊருக்கு ஐந்து பலகை முடிந்து இரண்டரைக்கு இரண்டரை. மிச்சம் அவள் பலகை. ஒரு யானை, மூன்று சிப்பாய். எதிரிக்கு ஒரு யானை, நான்கு சிப்பாய். ஒரு சிப்பாய் குறைவு. அவள் யானையைப் பின்னாலிருந்து செக் கொடுக்க வைத்து, ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சிப்பாயாக மாற்றி எடுத்தாள். பயிற்சி விட்டு ஒரு வருடமாகியும் அந்த எண்ட்கேம் கையில் இருந்தது. முடிவு டிரா, அணிக்கு 3-3. நான் பார்த்தது அவள் பலகையை மட்டும் அல்ல. அணிப் பையன்கள் சுற்றி நின்று, ஒரு பெண்பிள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை. அதற்கப்புறம் அவர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அவளைச் சேர்த்து, ஓப்பனிங் அனுப்பி, ராத்திரி ஆன்லைனில் ஆடவும் ஆரம்பித்தார்கள். ஆள் தேவைப்பட்டது, அதனால் ஆளைத் தயார் செய்தார்கள்.

ஒரு தோழி கேட்டாள்: “பெண்களுக்கென்று தனிப் பலகை ஒதுக்குவதே குறைத்து மதிப்பிடுவதுதானே? யூதித் போல்கர் பெண்கள் போட்டியே வேண்டாம் என்று ஆண்களோடு ஆடி உலகத்தில் எட்டாம் இடம் வரை வரவில்லையா?” வந்தார். ஒலிம்பியாடில் ஓபன் பிரிவுகூட ஆண்களுக்கு மட்டும் உரியது கிடையாது, பெண்களும் ஆடலாம். ஆனால் போல்கர் வீட்டில் அப்பா அம்மா இருவரும் மூன்று மகள்களின் செஸ்ஸுக்காகவே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் வாசற்படி தாண்டக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் அணியின் தேவையாக இருந்தால் அதை யாராலும் லேசில் தட்ட முடியாது. எந்தப் பெண்ணாவது முதல் பலகையில் ஆடும் அளவுக்கு வளர்ந்தால் அங்கேயே ஆடட்டும். விதியில் இப்போது அதையும் சேர்த்துவிட்டோம்: ‘பையன்கள் பலகை’ என்ற பெயரை எடுத்துவிட்டு ஓபன் பலகை என்று எழுதியிருக்கிறோம்.

இந்த ஆண்டு ஆடி இரண்டாவது ஞாயிறு, அதே மண்டபம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கிளாக் இருக்கும் ஊர்க்காரர்கள் கொண்டுவாருங்கள். போட்டி 3-3 என்று முடிந்தால் ஆறு சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டு, மண்டபக்காரர் வீட்டுப் பாட்டியை ஒன்று எடுக்கச் சொல்வோம். எந்தப் பலகை வருகிறதோ அவர்கள் இருவரும் ஒரு ஆட்டம் ஆடி முடிவு கட்டுவார்கள். மதிய இடைவேளையில் சீனச் சதுரங்கப் பலகை இரண்டு விரித்து வைப்பேன், ஆசையுள்ளவர்கள் பீரங்கியைச் சுட்டுப் பார்க்கலாம். அம்மாக்கள் உட்காரத் தனியாக நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், பலகைக்குப் பக்கத்திலேயே. பெண்பிள்ளைகள் பலகைக்கு ஆள் இல்லாமல் வரும் அணிக்குப் போன ஆண்டு போலவே இந்த ஆண்டும் சலுகை கிடையாது. இன்னும் நாள் இருக்கிறது, உங்கள் தெருவிலேயே தேடுங்கள்.